கொழுப்பு மாத்திரை

சென்னை
ஞாயிறு ராத்திரி

அடியே சுமி,

ஏழு மாசமா ஒரு வரி இல்லைன்னு நீ திட்டினது நியாயம். ஆனா கடைசியில "பெரிய டாக்டராயிட்டே"ன்னு சேர்த்தே பாரு, அது அநியாயம். இங்க எல்லாரும் சௌக்கியம். உன் மாமியார் முழங்கால் எப்படி இருக்குன்னு எழுது. ஃபோன்ல சொன்னா அழுதுடுவேன்னு தோணுச்சு, அதான் பேப்பர் எடுத்தேன்.

முதல்ல சிரிச்சுக்கோ. தீபாவளிக்கு வந்தப்ப பெரியப்பா மறுபடி ஆரம்பிச்சார். "பி.ஏ. படிக்க மெட்ராஸ் எதுக்கும்மா, நம்ம மன்னார்குடி காலேஜ்லயே இருக்கே?" அந்த பி.ஏ. இல்ல பெரியப்பா, ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்னேன். "சரி, எந்த மந்திரிக்கு?"ன்னார், நம்ம கணக்கு சார் மாதிரியே முகத்தை வெச்சுக்கிட்டு. நானும் விடல. டாக்டர் மேற்பார்வையில நோயாளிகளைப் பார்க்கிற வேலை பெரியப்பா இது. 1965-ல அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல, கப்பற்படையில மருத்துவ வேலை பார்த்துட்டு வந்த நாலு பேரை வெச்சு ஆரம்பிச்ச படிப்பு. 1992-ல டாக்டர் கே. எம். செரியன் இதே சென்னையில கொண்டுவந்தார். 2021-ல சட்டத்துலயே எங்க பேர் ஏறியாச்சுன்னு ஒப்பிச்சேன். எல்லாம் கேட்டுட்டு, "அப்போ ஊசி போடுவியா, மாட்டியா?"ன்னார்.

மூணு வருஷம் பாடம் முடிஞ்சு இப்ப இன்டர்ன்ஷிப். எமர்ஜென்சி, மெடிசின் எல்லாம் தாண்டி, இப்ப இதய அறுவை சிகிச்சை போஸ்டிங். காலையில ஆறரைக்கு ஐ.சி.யூ. நெஞ்சுல வெச்ச டிரெயின் குழாய் வழியா எவ்வளவு ரத்தம் வந்திருக்கு, யூரின் எவ்வளவு, பொட்டாசியம் என்னன்னு எழுதி முடிச்சு, ஏழு மணி ரவுண்ட்ஸ்ல கடகடன்னு சொல்லணும். அப்புறம் ஓ.டி., அதான் ஆபரேஷன் தியேட்டர். பைபாஸ்னா காலிலிருந்து ரத்தக்குழாய் எடுப்பாங்க இல்ல, அது எங்க சீனியர் பி.ஏ. அக்கா வேலை. பூ கட்டுற மாதிரி ஒவ்வொரு கிளையா முடிச்சுப் போட்டு, இழுக்காம, கசக்காம எடுப்பாங்க. நான் பக்கத்துல நின்னு நூல் வெட்டுவேன். காலைத் தைச்சு மூடுறது இப்பதான் என் கைக்கு வந்திருக்கு. பாவாடைக்கு ஹெம்மிங் தெரியாம தையல் டீச்சர்கிட்ட அடி வாங்கினவ நான்! சாயங்காலம் அடுத்த நாள் கேஸ்களுக்கு ஹிஸ்டரி எடுக்கணும். விஷயம் அங்கதான்.

போன மாசம் நம்ம பக்கத்துக்காரர் ஒருத்தர் வந்தார், நாதஸ்வரக்காரர், அறுபது வயசு இருக்கும். இதயத்தோட மூணு ரத்தக்குழாயிலும் அடைப்பு. "டாக்டரம்மா"ன்னுதான் கூப்பிட்டார். முதல் வாரத்துல எல்லாம் நான் டாக்டர் இல்லைய்யான்னு விளக்கம் சொல்லுவேன். சொல்லிச் சொல்லி அலுத்து, இப்ப தலையாட்டிட்டுப் போயிடுறேன். அதுவும் தப்புதான்.

ஆபரேஷனுக்கு அஞ்சு நாள் முன்னாடியே அவர் குளோபிடோகிரெல் நிறுத்தியிருக்கணும். ரத்தத்தட்டு, அதான் பிளேட்லெட், ஒண்ணோடொண்ணு ஒட்டாம பண்ற மாத்திரை அது. ஒரு தட்டை அது பிடிச்சா, அந்தத் தட்டு சாகிற வரைக்கும் விடாது. புதுத் தட்டு ஊறி வரணும், அதுக்குத்தான் அத்தனை நாள். நிறுத்தாம நெஞ்சைத் திறந்தா ரத்தம் நிக்காது. "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டீங்களே, நிறுத்திட்டீங்களா?"ன்னு கேட்டேன். "அஞ்சு நாள் ஆச்சும்மா"ன்னார். 'நிறுத்தியாச்சு'ன்னு கேஸ் ஷீட்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுத்த கட்டிலுக்குப் போயிட்டேன். அட்டையை வாங்கிப் பாருன்னு அக்கா நூறு தடவை சொல்லியிருக்காங்க. அன்னைக்கு எனக்கு ஆறு பேர், பசி வேற.

ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் வீட்டம்மா மஞ்சப்பையைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. "கொழுப்பு மாத்திரை நேத்து வரைக்கும் தவறாம குடுத்தேன், இன்னைக்கும் குடுக்கலாமா?" அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரே கேப்சூல்ல மூணு மருந்து, சுமி. கொழுப்புக்கு ஒண்ணு, ஆஸ்பிரின், மூணாவதா பொடி எழுத்துல அதே குளோபிடோகிரெல். ஊர் டாக்டர் முன்னாடியே எழுதிக் குடுத்தது. அந்த மனுஷன் பொய் சொல்லல. நான் கேட்ட மாத்திரையை அவர் நிறுத்திட்டார், கேட்காததை நிறுத்தல.

உனக்கு மட்டும் சொல்றேன். கை சில்லிட்டுப் போச்சு. கேஸ் ஷீட் என் கையிலதான் இருந்தது. அந்த ஒரு வரியை 'நிறுத்தவில்லை'ன்னு மாத்திட்டா யாருக்குத் தெரியும்னு தோணுச்சு. ஒரு நிமிஷம் இருக்கும். பேனா மூடியைக்கூடத் திறந்துட்டேன். அப்புறம் அக்காவுக்கு ஃபோன் பண்ணேன், அவங்க சர்ஜனைக் கூப்பிட்டாங்க.

கத்துவார்னு நினைச்சேன். "பார்த்தியா?"ன்னு மட்டும் கேட்டார். கேட்டேன் சார்னேன். "பார்த்தியான்னு கேட்டேன்." பதில் இல்ல. "பழைய வரியில கை வைக்காதே. கீழே நேரம் போட்டுப் புதுசா எழுது"ன்னுட்டு, மறுநாள் லிஸ்ட்லேருந்து கேஸை அடிச்சுட்டார். மனசுல இருந்ததை அவர் எப்படிக் கண்டுபிடிச்சார்னு இன்னும் புரியல. ஒருவேளை அவரும் ஒரு காலத்துல பேனா மூடியைத் திறந்திருப்பாரோ என்னவோ.

கத்தினது அவர் மகன்தான். ரத்தம் குடுக்கன்னு நாலு பேரை ராத்திரி பஸ்ஸுல கூட்டிட்டு வந்திருந்தான், லீவு வேற போச்சு. முழுக்க நின்னு கேட்டுக்கிட்டேன். அவன் போனப்புறம் பாத்ரூம்ல போய் அழுதேன்.

ஆறு நாள் கழிச்சு ஆபரேஷன் ஆச்சு, நல்லபடியா. இந்த மூணு பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி குடுப்பாங்களே நுரையீரல் விரிய, அதைக் குடுத்ததும் சீவாளியைக் கவ்வுற மாதிரி கவ்வி ஊத ஆரம்பிச்சுட்டார். "உள்ளே இழுக்கணும் அய்யா"ன்னா, "நாப்பது வருஷமா ஊதித்தாம்மா பழக்கம்"கிறார். வலி நெஞ்சுல அவ்வளவு இல்லையாம், காலுலதானாம். "எந்தப் பாவி இதைத் தைச்சான்?"னு தினமும் என்கிட்டயே கேட்டார்.

டிஸ்சார்ஜ் ஆகிற வரைக்கும் நான் சொல்லல. நீ ஊர்ல அவரை எங்கயாவது கல்யாணத்துல பார்த்தா நீயும் சொல்லிடாதே.

நம்ம பிடாரி கல்யாணத்துக்கு எனக்கு நைட் டியூட்டி. மாத்த முடியுமான்னு பார்க்கிறேன். உங்க அப்பா மாத்திரைப் பையை மட்டும் ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு. ரெண்டு பக்கமும்.

உன்
செல்வி