வீட்ல வச்சிகிட்டு திங்காதன்னா எப்படி?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

தீபாவளி முடிஞ்சு ரெண்டு கெழமையாச்சு, எங்க தேயிலத் தோட்டத்து லயத்துல, வரிசை வீடுகள்ல, கேக் இன்னும் முடியல. கொழும்புல கடையிலயும் வீடுகள்லயும் வேல செய்ற நம்ம புள்ளைங்க லீவுக்கு வரும்போது கேக் பெட்டி இல்லாம வராதுங்க, ஹட்டன் பஸ்ல மடியில வச்சு நசுங்காம கொண்டு வருவாங்க, அத நாலு வீட்டுக்கு தட்டுல வச்சு குடுப்பாங்க, வாங்குன வீடு தட்ட வெறுமையா திருப்பி குடுக்காது. இந்தப் பாசத்த நான் கொற சொல்லல. நான் எழுதுறது அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள நடக்குறத பத்தி.

எங்கம்மா 30 வருசத்துக்கு மேல கொழுந்து எடுத்தவங்க. இப்ப சீனி வருத்தம், அதாவது சக்கர வியாதி, மாசா மாசம் கிளினிக். போன வருச தீபாவளிக்கு நானே அவன் அடுப்புல பட்டர் கேக் அடிச்சு, அம்மா கண்ணுல படக்கூடாதுன்னு டின்ல போட்டு அல்மாரி மேல ஏத்தி வச்சேன். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், மூடி தெறக்குற சத்தம் கேட்டு எழும்பி போய் பாத்தா குசினியில லைட் போடாம நின்னுகிட்டு இருக்காங்க, கேக்க திங்கல, வெட்டும்போது பேப்பர்ல விழுந்த துகள விரல ஈரமாக்கி ஒத்தி ஒத்தி எடுத்து வாயில வைக்கிறாங்க. எனக்கு கோவம் தாங்கல, கத்திட்டேன். அம்மா ஒண்ணுதான் சொன்னாங்க, "வீட்ல வச்சிகிட்டு திங்காதன்னா எப்படி புள்ள, மணக்குதில்ல".

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அந்த நேரம் அவங்களுக்கு கால்ல பட்ட காயம் ஒண்ணு ஒன்றர மாசமா ஆறாம இருந்துச்சு. கிளினிக்ல சீனி அளவு எழுதுற கொப்பிய பாத்துட்டு எல்லாருக்கும் முன்னால அம்மாவதான் ஏசினாங்க, வாய கட்டத் தெரியாதான்னு கேட்டாங்க. கேக் அடிச்சது நான், சீனி வாங்கினது என் வீட்டுக்காரர், டின்ன எங்க ஒளிச்சிருக்குன்னு அம்மாயிக்கு சொன்னது என் மகன், ஏச்சு மட்டும் அம்மாவுக்கு.

அன்னைக்கு ஒரு பேனைய எடுத்துகிட்டு கணக்கு போட்டு பாத்தேன். நம்ம ஆளுங்க அடிக்கிற பட்டர் கேக்ல மா 500 கிராம், பட்டர் 500, சீனி 500, முட்டை 10. இத 20 துண்டா வெட்டினா ஒரு துண்டுல சீனி மட்டும் 25 கிராம், அதாவது 6 தேக்கரண்டி. உலக சுகாதார ஸ்தாபனம் 2015ல சொன்னதே ஒரு பெரிய ஆள் ஒரு நாள் முழுக்க சேத்துக்குற சீனி அந்த 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னுதான். நாம ஒரு துண்டோட விடுறோமா, அதுக்கு மேல உள்ளங்கையில சீனிய வச்சு நக்கிகிட்டு பிளேன்டீ வேற.

கேக்காவது பண்டிகைக்கு. மியூசிக் போட்டுகிட்டு பாணும் பணிஸும் விக்கிற சூன் பாண் ஆட்டோ தெனமும் வருது. சாயந்தரம் கொழுந்த எட போட்டுட்டு குளிர்ல நனைஞ்சு பசியோட வர்ற நேரத்துக்கு சரியா அந்த மியூசிக் கேக்கும், கண்ணாடிக்குள்ள கிம்புலா பணிஸ்னு சொல்ற நீட்டு பன்னு மேல சீனி மினுமினுங்கும், புள்ளைங்க ஓடும். சோடா போத்தலுக்கு 2016லருந்து செவப்பு, மஞ்சள், பச்சைன்னு கலர் அடையாளம் இருக்கு, 100 மில்லிலீட்டர்ல 11 கிராமுக்கு மேல சீனி இருந்தா செவப்பு. இந்த பணிஸ்ல எந்த கலரும் இல்ல, பேப்பர்ல சுத்தி கையில குடுத்துருவாங்க. அவரும் பொழைக்க வந்தவரு, அவர தப்பு சொல்ல மாட்டேன்.

நாங்க கண்டுபிடிச்சது என்னன்னா அந்த நேரத்துல வயிறு காலியா இருந்தா எந்த மனசும் நிக்காது. பகல்ல ஒரு ரொட்டிய தின்னுட்டு மலையில நிக்கிறவங்களுக்கு சாயந்தரம் சீனிதான் கேக்கும். அதனால இப்ப ஆட்டோ வர்றதுக்கு அரமணி நேரம் முன்னாடியே கடலையோ பயறோ அவிச்சு, கொஞ்சம் தேங்காப்பூ, காஞ்ச மொளகா போட்டு தாளிச்சு வச்சுருவேன், எல்லாரும் அதான் திங்கிறோம், அம்மாவுக்கு தனி சாப்பாடுன்னு கெடையாது. மகன் அழுதா பணிஸ் ஒண்ணே ஒண்ணு, ஆட்டோகிட்டயே நின்னு தின்னுட்டு வரணும், வாசப்படி தாண்டி வராது. தீபாவளி கேக் வந்தா அன்னைக்கே ஆளுக்கு ஒரு சின்ன துண்டு, அம்மாவுக்கும் ஒரு வெரல் அளவு உண்டு, மிச்சத்த அன்னைக்கே குடுத்துருவோம். இந்த வருசம் நான் அந்த அவன் அடுப்ப மூட்டவே இல்ல. மாமியார் வீட்ல மொகம் சுளிச்சாங்க, பரவால்ல.

காயம் ஆறிருச்சு. போன தடவ மூணு மாசத்து சீனிய காட்டுற டெஸ்ட்லயும் கொறஞ்சிருந்துச்சு, மருந்து அதே மருந்துதான்.

ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நத்தார், கிறிஸ்மஸ் வருது, ஞாயித்துக்கெழம பேப்பர்ல மாதர் பக்கத்துல இனி வரிசையா கேக்தான் வரும், நானும் அத வெட்டி ஒட்டி வச்சவதான். அதுல ஒரு வாரமாவது சாயந்தர பசிக்கு என்ன அவிச்சு குடுக்கலாம்னு போடுங்க. கிளினிக் நடத்துறவங்களும் இத வாசிச்சா, கொப்பியோட வர்ற அந்த ஒருத்தர மட்டும் ஏசாம, வீட்ல சமைக்கிறவங்களையும் ஒரு நாள் கூப்பிட்டு உக்கார வச்சு பேசுங்க. கூப்பிட்டா நான் வருவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தலவாக்கலை