செல்லப்பாவிலிருந்து தொடங்கச் சொல்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இங்கே நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டடத்தின் வரலாற்றை எழுதச் சொன்னபோது பேத்தி யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் தேர்ந்தெடுத்தாள் என்று நீ சொன்னதும் மனம் நிறைந்துவிட்டது. ஆனால் நீ கேட்டதெல்லாம் அது எரிந்த இரவைப் பற்றித்தான். பிள்ளை, அவள் அங்கிருந்து தொடங்க வேண்டாம். கட்டியவர்களை அறியாதவளுக்கு எரிந்தது என்னவென்று எப்படி விளங்கும்?

1933 இல் க.மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டில் புத்தகங்களைச் சேர்த்து, வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக வாசிக்கக் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஊர்ப் பெரியவர்கள் கூடிக் குழு அமைத்தார்கள். ஐசக் தம்பையா தலைவர், செல்லப்பா செயலாளர். 1934 ஆகஸ்ட் 1 ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 புத்தகங்களோடு நூலகம் திறந்தது. மறு ஆண்டு நகரசபை அதைப் பொறுப்பேற்றது.

இடம் போதவில்லை. 1950களில் மேயர் சாம் சபாபதியும், சென். பற்றிக்ஸ் கல்லூரி அதிபராக இருந்த லோங் அடிகளாரும் புதுக் கட்டடத்துக்காக ஓடித் திரிந்தார்கள். களியாட்ட விழா வைத்தும் அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றும் பணம் திரட்டினார்கள். சீட்டு வாங்கியவர்களில் நூலக வாசலையே மிதிக்காதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர்களையும் பேத்தி எழுத வேண்டும். நூலகவியல் மேதை எஸ்.ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார்; சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் வி.எம். நரசிம்மன் வரைபடம் தந்தார். 1954 மார்ச் 29 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1959 அக்டோபர் 11 இல் மேயர் அல்பிரட் துரையப்பா திறந்துவைத்தார்.

சிறுவர் பகுதி 1967 இல்தான் வந்தது. நான் அப்போது ஏழாம் வகுப்பு. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் ஊதா மையில் திகதி முத்திரைகள் வரிசையாக இருக்கும். சில கோணலாக, சில ஒன்றன்மேல் ஒன்றாக. எனக்கு முன்னால் அதை வாசித்த பிள்ளைகள் யாராக இருக்கும் என்று அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இனி நீ கேட்டது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்த வேளையில், பொலிஸாரும் அவர்களோடு வந்த காடையரும் நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். தேர்தலுக்கென்று வந்த அரசாங்க அமைச்சர்கள் நகரில்தான் இருந்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றோடு ஓலைச்சுவடிகள், பழைய பத்திரிகைகள், ஆனந்த குமாரசுவாமி தொகுப்பு, அந்த ஐசக் தம்பையாவின் பெயரில் இருந்த தொகுப்பு எல்லாம் போயின. பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் அந்தத் தீயைப் பார்த்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார். இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் யார் செய்தார்கள் என்பதைப் பேத்தி மழுப்பாமல் எழுதட்டும்.

1984 இல் ஒரு பகுதியைத் திருத்தித் திறந்தார்கள். போர் அதையும் விடவில்லை. 1990களின் கடைசியில் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டத் தொடங்கியபோது, எரிந்த சுவர்களைச் சாட்சியாக அப்படியே விட வேண்டும் என்று பலர் வாதாடினார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. வெள்ளை பூசிவிட்டால் குற்றமும் மறைந்துவிடும் என்று அஞ்சினார்கள். ஆனாலும் மீண்டும் கட்டியது சரி என்கிற பக்கம்தான் நான். வாசிக்க இடமில்லாமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அடுத்ததையும் அப்படி விட முடியாது. இன்று காலையில் போனால் பத்திரிகைப் பகுதியில் என் வயதுக்காரர்களும், மேசைகளில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

வாசலில் உள்ள சரஸ்வதி சிலையையும் முன்பக்கத்தையும் படம் எடுத்து இந்த வாரமே அனுப்புகிறேன். பேத்தி தமிழில் ஒரு பக்கமாவது எழுதினால் எனக்கு அனுப்பு. பிழை இருந்தாலும் பரவாயில்லை, திருத்தாமல் அனுப்பு.

அன்புடன்,
அப்பா