மாமி கொண்டுவந்த கலியாணப் பேச்சு

அன்பு மச்சான்,

பதில் பிந்திவிட்டது, கோபிக்காதே. வீட்டில் இரண்டு கிழமையாக ஒரே பேச்சு. தங்கச்சிக்குக் கலியாணம் பேசி வந்திருக்கிறது, கொண்டுவந்தது யார் தெரியுமா, இறந்துபோன கணவனின் தாய், அவளுடைய மாமியேதான். மூதூரில் படிப்பிக்கிற ஒரு வாத்தியார், மனைவி இறந்து நான்கு வருடம், ஒரு மகன். மாமி தானே போய் விசாரித்துவிட்டு வந்து எங்கள் விறாந்தையில் இருந்துகொண்டு, "என்ர மகன் போய் ஆறு வருசம், நான் கண்ணை மூடினால் இந்தப் பிள்ளைக்கு ஆர்?" என்றா. அம்மா அழுதுவிட்டா.

எனக்கு உடனே வேதாகமத்தில் வருகிற, விதவையான ரூத்தின் மாமி நகோமிதான் நினைவுக்கு வந்தாள். ஞாயிறு பாடசாலையில் ரூத்தின் கதையை நாங்கள் பாதிதான் படித்தோம், மாமியை விட்டுப் போகமாட்டேன் என்ற இடத்தோடு முடித்துவிட்டார்கள். மூன்றாம் அதிகாரத்தில் குளித்து, எண்ணெய் பூசி, நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு சொந்தக்காரன் போவாஸின் களத்துக்குப் போ என்று மருமகளை அனுப்புவதே நகோமிதானே. பிறகு ரூத்துக்கும் போவாஸுக்கும் ஓபேத் பிறந்தபோது அயல் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார், நகோமிக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது என்கிறார்கள். அவள் மகனுக்குப் பிறக்காத பிள்ளை அது! ரூத்தின் இறந்த கணவன் மக்லோனின் பேர் அழியக்கூடாது என்று போவாஸும் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சொல்லித்தான் ரூத்தைக் கட்டுகிறான். செத்தவனை மறக்கவைத்து நடந்த கலியாணம் இல்லை அது.

பெரியம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை, வேதத்துக்கு அடுக்காது என்கிறா. கணவன் இறந்தால் மனைவி விடுதலையானவள், விரும்பியவனைக் கட்டலாம், கர்த்தருக்குள் மட்டும் இருக்கட்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை வாசித்துக் காட்டினேன். அப்படியே இருந்தால் இன்னும் நல்லது என்றும் அவரே சொல்கிறார், ஏழு வருடம் மட்டும் கணவனோடு வாழ்ந்து பிறகு ஆலயமே கதி என்றிருந்த அன்னாளும் இருக்கிறாள், அதையும் மறைக்கவில்லை. ஆனால் மனைவி சாராள் இறந்த பிறகு ஆபிரகாம் கேத்தூராளைக் கட்டி ஆறு பிள்ளைகள் பெற்றதை யாரும் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. ஆம்பிளைக்கு ஒரு நியாயம் பொம்பிளைக்கு ஒன்று என்பது ஊர் வழக்கம், அதை வேதத்தின் தலையில் போடக்கூடாது.

தங்கச்சி வேறொன்று கேட்டாள் மச்சான். டச்சு பே கடற்கரையில் பிள்ளை மணலில் விளையாடிக்கொண்டிருக்க, "மேலே போனால் நான் ஆருடைய மனைவி அண்ணா?" என்றாள். ஒருவர் இறக்க ஒருவராக ஏழு சகோதரரைக் கட்டிய பெண்ணைப் பற்றி, உயிர்த்தெழுதலை நம்பாத சதுசேயர் இயேசுவிடம் கேட்ட அதே கேள்விதான். அவர்கள் மடக்கக் கேட்டார்கள், இவள் பயத்தில் கேட்டாள். உயிர்த்தெழுதலில் கொள்வனையும் இல்லை, கொடுப்பனையும் இல்லை, அங்கே கலியாணமே இல்லை என்ற பதிலைச் சொன்னேன். "அப்ப அவர் எனக்கு அங்கேயும் இல்லையா?" என்று கேட்டுவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பேச்சு வரவில்லை. ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், அவர் மரித்தோருக்கல்ல ஜீவனுள்ளோருக்கே தேவன் என்று அந்த இடத்திலேயே இயேசு சொல்வது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. இரவு போய்ச் சொன்னேன். அவர் கடவுளிடத்தில் உயிரோடுதான் இருக்கிறார், நீ அவரை இழக்கவில்லை என்றேன். ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினாள்.

நேற்று மாமியிடம் சம்மதம் சொல்லியிருக்கிறாள். பழைய கலியாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றமாட்டாளாம், வாத்தியாரும் சரி என்றுவிட்டார்.

ஆவணியில் சின்னதாக வைக்கிறோம், நீ குடும்பத்தோடு கட்டாயம் வா.

உன் அன்பு நண்பன்