பன்னிரண்டு வருஷம் பெட்டிக்குள் கிடந்த படம்

தண்டையார்பேட்டை,
2.2.2025

மச்சான்,

போன மாசக் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. ஷார்ஜாவில் ஷிஃப்ட் மாறியிருக்கும், பரவாயில்லை. ஆனால் ஜனவரிச் சேதியை நான் எழுதாமல் விட்டால், ஊருக்கு வரும்போது சட்டையைப் பிடிப்பாய். அதனால் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு சாப்பிட்ட கையோடு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பொங்கல் படம். அஜித் வருகிறார் என்று நம் தெருப் பசங்க பேனருக்கு வசூலையே முடித்துவிட்டார்கள். டிசம்பர் 31 அன்று, ‘விடாமுயற்சி’ பொங்கலுக்கு இல்லை என்று அறிவிப்பு. அன்றைக்கு ராத்திரி கேக் வெட்டும்போது ஒருத்தன் முகத்திலும் களை இல்லை. (பிப்ரவரி 6 வருகிறதாம். வசூல் பணம் அப்படியே இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.)

அந்தக் காலி இடத்தில் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? விஷால் நடித்த ‘மத கஜ ராஜா’. ஆமாம், 2013 பொங்கலுக்கு வரவேண்டிய அதே சுந்தர். சி படம். பணச் சிக்கலில் மாட்டிப் பெட்டிக்குள்ளேயே கிடந்து, இந்த ஜனவரி 12 அன்றுதான் வெளியே வந்தது. ஷங்கரின் ‘கேம் சேஞ்சர்’, பாலாவின் ‘வணங்கான்’ இரண்டும் ரெண்டு நாள் முன்னாடியே வந்திருந்தன. இருந்தாலும் உன் தங்கச்சி, “சிரிக்கிற படத்துக்குக் கூட்டிப் போங்க” என்று சொல்லிவிட்டாள். போனோம்.

தியேட்டரே குலுங்கியது மச்சான். சந்தானம் ஹீரோ ஆவதற்கு முன்னால் இருந்த சந்தானம்! அந்த வாய், அந்தக் கலாய்ப்பு. இப்போது அவரே நினைத்தாலும் அப்படி நடிக்க முடியுமா என்று தெரியவில்லை. மனோபாலா வரும் காட்சியில் என் பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். மனோபாலா 2023 மே மாசமே போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது எனக்குத் திடீரென்று நடுவில் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் சிரிப்பு வரவில்லை. அப்புறம் தானாக வந்துவிட்டது. குறை இல்லாமல் இல்லை. கதாநாயகிகளைக் கேமரா பார்க்கிற விதம் அப்போதும் அசிங்கம்தான், இப்போதும் அசிங்கம்தான். உன் தங்கச்சி ரெண்டு இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்தப் படத்தை நம் அகஸ்தியா தியேட்டரில் பார்த்திருக்க வேண்டும். ஆயிரம் பேர் ஒன்றாகச் சிரிக்கிற சத்தம் இந்தச் சின்ன ஸ்கிரீன்களில் எங்கே வருகிறது? 1967-இல் திறந்த தியேட்டர், 2020 ஊரடங்கில் சாத்தியதுதான். 2013-இலேயே படம் வந்திருந்தால் கவுண்டர் கூண்டுக்குள் முட்டிமோதி டிக்கெட் எடுத்திருப்போம். இப்போது போனில் எடுத்த டிக்கெட்டைக் காட்டிவிட்டு, தங்கம் விலைக்குப் பாப்கார்ன் வாங்கித் தின்றுவிட்டு வருகிறோம்.

அடுத்து ஒரு போகிச் சேதி. வீட்டில் பழைய பாய், கிழிந்த தலையணை எல்லாம் வெளியே போன அன்றைக்கு, ஜெயம் ரவி தன் பேரில் இருந்த ‘ஜெய’த்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். இனிமேல் ரவி மோகன் என்றுதான் கூப்பிட வேண்டுமாம். 2003-இல் வந்த முதல் படத்தின் பேர் அது, இத்தனை வருஷம் ஒட்டிக்கொண்டே வந்தது. கூப்பிடுவது நாம்தானே, பார்க்கலாம். பேர் மாறிய ரோட்டையே நாம் இன்னும் பழைய பேரில்தான் சொல்கிறோம்.

விஜய் படத்துக்கு ‘ஜன நாயகன்’ என்று குடியரசு தினத்தன்று பேர் வைத்தார்கள். பிக்பாஸில் முத்துக்குமரன் ஜெயித்தார். அதை நான் பார்ப்பதில்லை, பக்கத்து வீட்டு டிவி சத்தத்தில் தெரிந்துகொண்டேன்.

மும்பைச் சேதி உனக்கே தெரிந்திருக்கும். சைஃப் அலி கானை வீடு புகுந்து கத்தியால் குத்திவிட்டார்கள், ஜனவரி 16 விடியற்காலை. ஆஸ்பத்திரிக்குப் போனது ஆட்டோவில். நம் ஸ்டாண்டில் ரெண்டு நாள் இதே பேச்சுதான். “எவ்ளோ பெரிய கார் வெச்சிருந்தா இன்னா, நேரத்துக்கு வந்தது ஆட்டோதானே” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார்கள். பிழைத்து எழுந்ததும் அந்த ஓட்டுநரை நேரில் பார்த்து சைஃப் நன்றி சொன்னாராம். அது எனக்குப் பிடித்தது.

பேனர் பசங்களுக்கும் கடைசியில் நல்ல காலம் வந்தது. துபாய் கார் பந்தயத்தில் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. 25-ஆம் தேதி ராத்திரி அவருக்குப் பத்ம பூஷண். தெருவே வெடிச் சத்தம். ஷோபனாவுக்கும் அதே விருது. ஆனால் எனக்கு அந்தப் பட்டியலில் கண் நின்றது வேற ஒரு பேரில். மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ! நீயும் நானும் சின்ன வயசில் சாவு ஊர்வலத்தின் முன்னால் ஆடிவிட்டு வீட்டுக்கு வந்து அடி வாங்கியிருக்கிறோம். “அந்த மேளத்தைத் தொடாதே” என்று உன் அப்பா போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அந்தத் தோலுக்கு டெல்லியில் மேடை. வெடி வெடித்த பசங்களிடம் இதைச் சொன்னேன், “அப்டியாண்ணா” என்றார்கள், அவ்வளவுதான்.

அதே பசங்க கேரம் போர்டு என்றால் மட்டும் அசைய மாட்டார்கள். நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் காசிமா மூன்று தங்கம் அடித்ததிலிருந்து தெருமுனை கிளப்பில் உட்கார இடமில்லை. செரியன் நகர்ப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். இப்போது சின்னப் பெண் பிள்ளைகளும் வந்து பவுடர் தூவி, ரெட்டைப் போட்டு ஃபாலோவும் போட்டுவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நானும் ஒருநாள் உட்கார்ந்தேன். மைனஸ்தான்.

தள்ளிக்கொண்டே வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி 9 அன்று திருச்சூரில் பாடகர் பி. ஜெயச்சந்திரன் போய்விட்டார். 80 வயசு. சேதி வந்தபோது காசிமேட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் போனில் ‘தாலாட்டுதே வானம்’ போட்டார். எதிரே படகுகள், நான் டீயை ஆறவிட்டேன்.

இந்தப் பாட்டைப் பாடியது யேசுதாஸ் என்று நீ பந்தயம் கட்டினாயே, தோற்றால் பீச் ஸ்டேஷன் எதிரில் பர்மா நூடுல்ஸ் அத்தோ என்று! உனக்கு ஆறுதலாக ஒரு சேதி. 1958-இல் கேரளப் பள்ளி இளைஞர் விழாவில் பாட்டில் முதல் பரிசு யேசுதாஸுக்கு, மிருதங்கத்தில் முதல் பரிசு ஜெயச்சந்திரனுக்கு. ஒருத்தர் பாட ஒருத்தர் வாசித்திருக்கிறார்கள். நீ ரெண்டு பேரையும் குழப்பிக்கொண்டதில் தப்பில்லை. ஆனாலும் பந்தயம் பந்தயம்தான்.

அப்புறம் அந்தக் கேசட். எம்.சி. ரோட்டு ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து, ‘ராசாத்தி உன்ன’வை ரெண்டு பக்கமும் முதல் பாட்டாகப் போடச் சொல்லிப் பதிந்தோமே, அது. ஒரு வாரத்தில் தருகிறேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டு விமானம் ஏறினாய். டேப் ஒட்டிப் போயிருந்தாலும் பரவாயில்லை, அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொண்டு வா. அத்தோ நானே வாங்கித் தருகிறேன்.

என் தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் மச்சான்