அரையாண்டு விடுமுறையும் வீட்டுச் செயல்பாடுகளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. மழைக்கு விட்ட விடுமுறைகளை எல்லாம் சமாளித்துப் பாடங்களை முடித்த ஆசிரியர்களுக்கு நன்றி. குறுவட்டக் கபடியில் நம் மாணவிகள் இரண்டாம் இடம். கலைத்திருவிழாவில் வில்லுப்பாட்டுக்குப் பரிசு. சமையல்கூடக் கூரை ஒழுகல் சரியாகிவிட்டது. எல்லாம் உங்கள் ஒத்துழைப்பால்தான்.

அப்புறம், வீட்டுச் செயல்பாடுகள்.

காலாண்டு விடுமுறைக்கு 3, 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பக்கம் பக்கமாக எழுத்து வேலை வேண்டாம் என்று ஆசிரியர்கள் முடிவெடுத்தார்கள். வீட்டில் பல்லாங்குழி ஆட வேண்டும், அடுப்படியில் அரிசி பருப்பை அளந்து பார்க்க வேண்டும், பெரியவர்களிடம் ஐந்து விடுகதை கேட்டு வர வேண்டும். அவ்வளவுதான். யாருக்கும் ஒரு ரூபாய் செலவாகக் கூடாது என்று யோசித்துக் கொடுத்த வேலைகள் இவை.

பள்ளி திறந்ததும் வந்து சேர்ந்தவற்றைப் பார்த்து நான் கொஞ்சம் திகைத்துத்தான் போனேன். தெர்மாகோலில் பளபளப்புத் தாள் ஒட்டிய பல்லாங்குழிகள் பதினொன்று. லேமினேட் செய்த விடுகதை அட்டைகள். நான்காம் வகுப்பில் நான்கு பிள்ளைகளிடம் அதே ஐந்து விடுகதைகள், அதே எழுத்துப்பிழையோடு. ஒரு பல்லாங்குழியைக் கையில் எடுத்து, "எங்கே, ஒரு ஆட்டம் போடு பார்க்கலாம்" என்றேன். குழிக்குள் புளியங்கொட்டைகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். "எடுக்க வராது டீச்சர், கடை அண்ணன் ஒட்டிட்டாங்க" என்றது குழந்தை. அந்தப் பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை.

அதே வகுப்பில் இன்னொரு பெண் கசங்கிய ஒற்றைத் தாளை நீட்டினாள். பென்சில் எழுத்து, நடுவில் எண்ணெய்க் கறை. "14 குழி. குழிக்கு 5. மொத்தம் 70 வேணும். எங்ககிட்ட 68தான். 13 குழியில 5, ஒரு குழியில 3 போட்டோம்." ஏன் இரண்டு குறைந்தது என்று கேட்டேன். தம்பி வாயில் போட்டுக்கொண்டானாம், அம்மா பிடுங்கித் தூரப் போட்டுவிட்டாராம். (கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் கொட்டை, சோழி எல்லாம் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.) மீதி வரும் வகுத்தல் கணக்கை அந்தப் பெண்ணுக்கு நாங்கள் இனிமேல்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து அவளே பாதியைப் போட்டுவிட்டாள். எந்தக் குழியில் எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும் என்று மனசுக்குள் எண்ணிப் பார்ப்பதும், நான்கு சேர்ந்ததும் 'பசு' என்று அள்ளுவதும் கணக்குதான்.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் பாட்டி படியும் ஆழாக்கும் கொடுத்து அளக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. எட்டு பெரிய எண் என்பதால் எட்டில் ஒரு பங்குதான் நாலில் ஒரு பங்கைவிடப் பெரியது என்று கரும்பலகை முன்னால் சாதித்தவன் இவன். இப்போது, "ஆழாக்கு அரைக்கால் படி டீச்சர், உழக்குதான் கால் படி, அதுதான் பெருசு" என்கிறான். அந்தப் பாட்டியைப் பள்ளிக்கு ஒருநாள் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். இனி கடையில் செய்து வாங்கிய மாதிரிகளையும் பெரியவர்கள் எழுதிக்கொடுத்த தாள்களையும் வகுப்பில் வாங்க மாட்டோம், திருப்பி அனுப்பிவிடுவோம். "பக்கத்து வீட்டுப் பிள்ளை கொண்டுபோகிறதே" என்று கடன் வாங்கி 350 ரூபாய் கொடுத்ததாக ஒரு தாய் என்னிடம் வருத்தப்பட்டார். அந்தப் பணத்துக்குக் கணக்குக் கற்றுக்கொண்டவர் கடைக்காரர் மட்டும்தான்.

எங்கள் மீதும் தவறு இருக்கிறது. படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள் என்று கேட்டது நாங்கள்தான். ஒருவர் போட்டதைப் பார்த்து அடுத்தவர் அதைவிட அழகாகப் போட, விளையாட்டு போட்டியாகிவிட்டது. இந்த முறை படம் வேண்டாம், வீடியோவும் வேண்டாம்.

விடுமுறை மார்கழியில் வருகிறது. எப்படியும் வாசலில் கோலம் போடுவீர்கள். புள்ளி வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். 7 புள்ளியில் தொடங்கி 4 வரை ஊடுபுள்ளி வைத்தால் மொத்தம் 37 வரும். 7 முதல் 1 வரை நேர்ப்புள்ளி என்றால் 25. வைப்பதற்கு முன்பே எத்தனை வரும் என்று சொல்லவைத்து, அப்புறம் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். 9 புள்ளி, 5 வரை ஊடுபுள்ளிக்கு விடை நான் சொல்லப்போவதில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். கோலம் கோணினால் கோணட்டும். ஆண் பிள்ளைகளுக்கும் இதுதான் வேலை. "அவன் எதுக்கு டீச்சர்" என்று யாரும் கேட்டு வர வேண்டாம்.

மில்லில் இரவு ஷிப்ட் போகிறவர்களும் கடை வைத்திருப்பவர்களும் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று நினைக்கலாம். நியாயம்தான். தலை பின்னும்போது ஒரு விடுகதை போட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டம் தாயம், விழுந்ததைக் கூட்டிக் காய் நகர்த்துவது பிள்ளையின் பொறுப்பு. ஒன்றுமே முடியாவிட்டால் மளிகைச் சீட்டைக் கையில் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். எதுவும் செய்யாமல் வந்தாலும் பிள்ளையை யாரும் திட்ட மாட்டார்கள், அது என் பொறுப்பு.

வேலைக்கு நடுவிலும் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்தவர்கள், மறந்துபோன விடுகதைகளை நினைவுபடுத்திச் சொன்ன தாத்தா பாட்டிகள், தெர்மாகோல் வாங்கினாலும் பிள்ளைக்கு நல்லது என்று நினைத்தே வாங்கியவர்கள், எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. அக்கறை இல்லாதவர்கள் யாரும் நம் பள்ளியில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: காலாண்டு விடுமுறைக்குப் பள்ளியிலிருந்து இரவல் கொடுத்த பல்லாங்குழிப் பலகைகளில் இரண்டு இன்னும் திரும்பி வரவில்லை. ஆடி முடித்தவர்கள் அனுப்பிவிடுங்கள். முத்துக்கள் குறைந்திருந்தாலும் பரவாயில்லை.