மண்டபம் பிடிக்கும் முன் பிளக் பாயின்ட்டை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தையலைப் பிழைப்பாக இல்லாமல் ஆசைக்காகச் செய்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, சனி ஞாயிறு ஓரிடத்தில் தங்கித் தைத்துவிட்டு வரும் வழக்கம் மதுரைப் பக்கமும் வந்திருக்கிறது. அழகர்கோவில் சாலையில் ஒரு தோப்பு வீடு, நத்தம் சாலையில் ஒரு சின்ன மண்டபம், கொஞ்சம் துணிந்தவர்களுக்குச் சிறுமலை. இவற்றுக்கான அறிவிப்புகளில் சாப்பாட்டுப் பட்டியல் இருக்கும், அறைக்கு எத்தனை கட்டில் என்று இருக்கும், குளியலறையில் வெந்நீர் வருமா என்பதுகூட இருக்கும். பிளக் பாயின்ட் எத்தனை என்று ஒன்றிலும் இருக்காது. தைக்கப் போகிறவருக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான்.

வீட்டு மெஷினின் மோட்டார் 70 முதல் 100 வாட்தான் இழுக்கும். பதினைந்து மெஷினும் ஒரே நேரத்தில் ஓடினாலும் ஒன்றரை கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும். ஆளைக் கவிழ்ப்பது அயர்ன் பாக்ஸ். சாதாரணப் பெட்டி 750 அல்லது 1000 வாட். நீராவிப் பெட்டி 1200-லிருந்து 2000 வாட் வரை போகும். சுவரில் உள்ள சின்ன பிளக் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் பெருக்கினால் 1380 வாட். அதில் 1000 வாட் பெட்டி ஒன்றைச் செருகினால் மிச்சம் மூன்று நான்கு மெஷினுக்குத்தான் இடம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நாலு ஓட்டை இருப்பதால் நாலு மடங்கு மின்சாரம் வந்துவிடாது. அந்த 6 ஆம்பியரைத்தான் நாலும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2000 வாட் பெட்டியை அதில் செருகினால் 9 ஆம்பியரை நெருங்கும். முதலில் பிளக் சுடும், பிறகு பிளாஸ்டிக் இளகும் வாடை வரும். அதற்குள் ஃப்யூஸ் போனால் அதிர்ஷ்டம்.

எனவே அயர்ன் பாக்ஸுக்கு 16 ஆம்பியர் பெரிய பிளக் வேண்டும். மண்டபங்களில் அது பெரும்பாலும் சமையற்கட்டில் கிரைண்டர் பக்கத்திலோ, மணமகள் அறையில் ஏ.சி.க்கு அருகிலோ இருக்கும். ஐந்து பேருக்கு ஒரு தேய்ப்பு மேசை என்று கணக்கிட்டு, அந்த மேசைகளை முதலில் பெரிய பிளக் இருக்கும் இடத்தில் போட்டுவிட்டு, மெஷின்களைப் பிறகு வரிசைப்படுத்துங்கள். சக்கரத்தில் சுற்றி வைக்கும் நீள வயரைப் பயன்படுத்தினால் முழுவதையும் பிரித்துப் போடவேண்டும். சுற்றியபடியே விட்டால் உள்ளே சூடு தங்கி உறை உருகும். பெட்டியும் மெஷினும் ஒரே லைனில் இருந்தால், பெட்டி சூடேறத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் மெஷின் வேகம் குறைந்து விளக்கு மங்கும். தையலின் நீளம் இதனால் மாறாது, கண்தான் அலுத்துப்போகும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் பகுதிகளை உங்கள் நாளிதழே வெளியிடுகிறது. சனிக்கிழமையிலும் அது வரும். முன்பணம் கொடுத்திருந்தாலும் முதல் நாள் பேப்பரில் அந்த ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் நான்கைந்து மெஷின் ஓட்டலாம், அயர்ன் பாக்ஸை மட்டும் அதில் செருகவே கூடாது. கூட்டத்தில் இரண்டு பேராவது கால் மெஷின் கொண்டுவந்தால் கரன்ட் போனாலும் வேலை நிற்காது. கால் மெஷினின் தோல் வார் தளர்ந்து சக்கரம் வழுக்கினால் அரை அங்குலம் வெட்டி மறுபடி கொக்கி மாட்டினால் போதும். ஒரேயடியாக ஓர் அங்குலம் வெட்டினால் மிதிக்கக் கனக்கும்.

எந்த மாதம் என்று கேட்டால் மார்கழி என்போம். கல்யாண முகூர்த்தம் இல்லாததால் மண்டபங்கள் சும்மா கிடக்கும், வாடகையைப் பேசிக் குறைக்கலாம். பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை. வியர்வையில் நூல் விரலில் ஒட்டாது. ஆடியிலும் மண்டபம் கிடைக்கும், ஆனால் அந்தக் காற்றில் வெட்டிய துண்டுகள் நிற்காது. சன்னலைச் சாத்தினால் புழுக்கம். சித்திரையைப் பற்றிப் பேசவே வேண்டாம். திருவிழாக் கூட்டத்தில் தங்க இடம் கிடைப்பதே பெரிது.

சிறுமலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். காரில் மெஷினைப் படுக்கவைத்தால் எண்ணெய் கசிந்து மோட்டார் பக்கம் இறங்கும். ஊசியைக் கழற்றிவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் கீழ் ஒரு துணித் துண்டை மடித்து வைத்துப் பாதத்தை இறக்கி, மெஷினை நிமிர்த்தி, சீட்டுக்கும் சீட்டுக்கும் இடையே தரையில் வையுங்கள். இறங்கியதும் பெடலை மிதிக்கவேண்டாம். கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகப் பத்துச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். குலுக்கலில் ஊசித் திருகு தளர்ந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். எண்ணெய் போடும் வேலையைக் கிளம்புவதற்கு முந்தைய நாளே முடித்து, இரண்டு மூன்று கழிவுத் துணியில் ஓட்டி எடுத்துவிடவேண்டும். போன இடத்தில் போட்டால் முதல் ரவிக்கையில் கறை. தேங்காய் எண்ணெய் உதவாது. நாளாக நாளாகப் பிசினாக இறுகிவிடும்.

வாடகை மேசைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பந்தி மேசை ஒன்றரை அடி அகலம்தான் இருக்கும். அதில் மெஷின் உட்காரும், ஆனால் தைத்த துணி பின்பக்கம் சரிந்து தன் கனத்தால் இழுக்க, தையல் கோணும். இரண்டு மேசையை அகலவாக்கில் ஒட்டிப் போட்டு ஒன்றின் மேல் மெஷினை வையுங்கள். ஒரே மேசையில் இரண்டு பேர் தைத்தால் ஒருவரது மெஷின் அதிர்வு மற்றவர் ஊசி நுனியில் தெரியும். அடியில் பழைய ரப்பர் மேட் துண்டு போட்டால் பாதி அடங்கும். அதே ரப்பர் துண்டு இன்னொன்று பெடலுக்கும் தேவை. கிரானைட் தரையில் பெடல் வழுக்கிக்கொண்டே போகும், கால் அதைத் துரத்தும்.

உயரமும் பொருந்தாது. மேசை 30 அங்குலம், மெஷின் தட்டு அதன்மேல் ஒரு 3 அங்குலம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கை ஏறக்குறைய 26 அங்குலத்தில் இருக்கும். தோள் தூக்கியபடியே நாள் முழுக்கத் தைத்தால் இரவில் கழுத்து திரும்பாது. போர்வையை மடித்து மூன்று நான்கு அங்குலம் உயர்த்தி உட்காருங்கள், பெடலை ஒரு பலகைமேல் வையுங்கள். வெட்டும் மேசைக்கு எதிர்ச் சிக்கல்: 30 அங்குலம் தாழ்வு, இடுப்பு ஒடிந்துவிடும். காலுக்கு இரண்டு செங்கல் முட்டுக்கொடுத்து 36 அங்குலம் ஆக்கினால் நின்றபடி வெட்டலாம். மீனாட்சி கோவில் எதிரே புதுமண்டபத்தில் இருந்த தையல்காரர்கள் தூணுக்குத் தூண் வரிசையாக, ஒருவர் முதுகு இன்னொருவர் வெளிச்சத்தை மறைக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு, இடம் பார்த்து உட்காருவதும் தையலில் சேர்த்தி என்று தெரியும். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டாலும் அந்தப் பழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழவேண்டும்.

கூடியவரை முகாமில் துணி வெட்டாதீர்கள். பதினைந்து பேர் மெஷின் இறக்கி, மேசை போட்டு, வயர் இழுத்து முடிக்கவே இரண்டு மணி நேரம் ஆகும். பேச்சு, காபி, சாப்பாடு போக ஒரு நாளில் உருப்படியாகத் தைக்கக் கிடைப்பது ஐந்தாறு மணி நேரம். லைனிங் ரவிக்கைக்குத் துணி நனைப்பதில் தொடங்கி அங்கேயே எல்லாம் செய்ய நினைப்பவர், கையில் பாதி ரவிக்கையோடுதான் திரும்புவார். நனைத்து, காயவைத்து, தேய்த்து, வெட்டி, துண்டுகளைத் தனித்தனி உறையில் போட்டு, உறைமேல் எழுதி எடுத்து வாருங்கள். சுங்குடி என்றால் நனைப்பது கட்டாயம். 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியானாலும் சரி, சின்னாளபட்டிச் சுங்குடியானாலும் சரி, அடர் சிவப்பும் கருநீலமும் முதல் தண்ணீரில் சாயம் விடும். ஈரத் துணியின் மேல் வெள்ளைத் துண்டு ஒன்றை வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அதை வெளிர்த் துணியோடு சேர்த்துத் தைக்கக்கூடாது.

எல்லோரும் சேர்ந்து சதுரத் துண்டுகளை இணைத்து ஒரே போர்வை தைக்க ஆசைப்படும் குழுக்கள் உண்டு. ஆசை நல்லதுதான், கெடுவது கால் அங்குலத்தில். 48-க்கு 60 அங்குலப் போர்வைக்கு, தைத்தபின் 4 அங்குலம் வரும் சதுரங்கள் 12-க்கு 15, ஆக 180 வேண்டும். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு நாலரை அங்குலமாக வெட்டினால், 44 அங்குல அகலத் துணியில் வரிசைக்கு ஒன்பது. இருபது வரிசைக்கு 90 அங்குலம். சேதாரம் சேர்த்து இரண்டரை மீட்டர் எடுங்கள். துண்டு இணைக்க மட்டும் ஏறக்குறைய 36 மீட்டர் தையல், அதற்கு நூறு மீட்டர் போல நூல்.

இனி அந்தக் கால் அங்குலம். ஒவ்வொரு மெஷினின் பாதமும் ஒவ்வோர் அகலம். ஒருவர் பாதத்தின் ஓரத்தை அளவாக வைத்து, ஒரு நூல் அளவில் பாதி, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதிகம் பிடித்தால் ஒரு தையலில் இரு பக்கமும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு போய்விடும். வரிசையில் பதினொரு தையல். வரிசை ஒன்றே கால் அங்குலத்துக்கும் மேல் குறையும். அடுத்தவர் வரிசையோடு மூலை சேராது, இழுத்துச் சேர்த்தால் சுருங்கும். தொடங்கும் முன் எல்லோரும் ஒரு சோதனை செய்யவேண்டும்: ஒன்றரை அங்குல அகலப் பட்டி மூன்றை வரிசையாக இணைத்துத் தேய்த்து அளந்தால் மூன்றரை அங்குலம் சரியாக வரவேண்டும். வராவிட்டால் ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளித் தட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதை ஒட்டித் துணியை ஓட்டுங்கள்.

போர்வையின் மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைக்க இலவம்பஞ்சு வேண்டாம். போடியிலிருந்து வரும் நல்ல பஞ்சு பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று தோன்றும். தலையணைக்கு அதுதான் ராஜா. ஆனால் அந்த இழை வழுவழுப்பு, ஒன்றையொன்று பிடிக்காது. முதல் துவைப்பிலேயே மூலையில் உருண்டை கட்டும். பழைய நூல் சேலை இரண்டு மடிப்பே நம் ஊர்க் குளிருக்கு அதிகம். அடித்துணி நான்கு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் கூடுதலாக, 52-க்கு 64 இருக்கவேண்டும்.

கூட்டத்தில் கலந்துபோகும் பொருட்களில் அடிநூல் சுற்றும் பாபின்தான் மோசம். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், உயரத்தில் மிகச் சிறிய வேறுபாடு. மாறிப்போனால் அடிநூல் விட்டுவிட்டு வரும். அவரவர் பாபினில் அவரவர் நெயில் பாலிஷ் நிறத்தில் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். ஊசியும் அப்படித்தான். வீட்டு மெஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டை, பவர் மெஷின் ஊசி முழு உருளை. மெல்லிய துணிக்கு 11, பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. நூல் கோப்பது நீளக் குழி இருக்கும் பக்கத்திலிருந்து. அடியில் நூல் கூடு கட்டினால் எல்லோரும் பாபினைத்தான் திட்டுவார்கள், குற்றம் பெரும்பாலும் மேல்நூலில் இருக்கும். பாதத்தை இறக்கி வைத்தபடி நூல் கோத்தால் மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்குள் நூல் இறங்காது. பாதத்தைத் தூக்கிவிட்டு மறுபடி கோத்தாலே பாதி மெஷின்கள் குணமாகிவிடும். 1890-களிலேயே நூல் ஆலை கண்ட ஊரில் நல்ல நூலுக்குப் பஞ்சமில்லை. விளக்குத்தூண் பக்கம் போகும்போது மலிவு நூல்கண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், சிலிர்த்து நிற்கும் பிசிறு அத்தனையும் பாபின் கேஸில்தான் போய்ச் சேரும்.

குண்டூசி விஷயத்தில் நம் ஊருக்கென்று ஓர் ஆபத்து உண்டு. மண்டபத்துக்குள் எல்லோரும் வெறுங்காலோடு நடப்போம். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இரவு படுக்கும் முன் தரையில் ஒரு சுற்று இழுத்தால் அத்தனையும் ஒட்டிக்கொண்டு வரும். பஜ்ஜி, பணியாரமெல்லாம் வேறு அறையில். மஞ்சள் கறை பட்டால் உடனே சோப்புப் போடாதீர்கள், சிவப்பாக மாறிக் கலங்கடிக்கும். தண்ணீரில் அலசி வெயிலில் போட்டால் மெல்ல வெளிறும். தேய்க்கும்போது போர்வெல் தண்ணீரை நீராவிப் பெட்டியில் ஊற்றினால் உப்புப் படிந்து வெள்ளைத் துகள் துணியில் கொட்டும். சாதாரணப் பெட்டியும் தண்ணீர் தெளிக்கும் புட்டியுமே போதும்.

எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான். இத்தகைய முகாம் அறிவிப்புகளை வெளியிடும்போது நாலே விவரங்களைக் கேட்டு வாங்கிச் சேருங்கள்: 6 ஆம்பியர் பிளக் எத்தனை, 16 ஆம்பியர் பிளக் எத்தனை, ஒருவருக்கு மேசை நீளம் எத்தனை அடி, கரன்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா. மண்டப உரிமையாளர்களும் வாடகைப் பலகையிலேயே இவற்றை எழுதிவைத்தால் மார்கழியில் பூட்டிக் கிடக்கும் கூடங்களுக்கு வாடகையாவது வரும்.

இப்படிக்கு,
கூடித் தைக்கும் வாசகியர் சிலர்,
மதுரை.