பாய்போர்ட்டா போய் வந்தோம்: எல்லோருக்கும் நன்றி

துலூஸ் நண்பர்களுக்கும், பணமும் சாமானும் கொடுத்தனுப்பிய எல்லோருக்கும்,

நேற்று நள்ளிரவில் பத்திரமாக வந்து சேர்ந்தோம். நகக்கண்ணில் இன்னும் சேறு இருக்கிறது. ஆற அமர எழுதலாம் என்று விட்டால் எழுதவே மாட்டேன், அதனால் இப்போதே உட்கார்ந்துவிட்டேன். 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினில் வலென்சியா பக்கம் வந்த வெள்ளம், நகரை ஒட்டிய பாய்போர்ட்டா ஊரை என்ன செய்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

வலென்சியா நகருக்குள் நுழைந்தபோது ஊர் மாறி வந்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. காபிக் கடைகள் திறந்திருந்தன, தெருவெல்லாம் சுத்தம். 1957 வெள்ளத்துக்குப் பிறகு தூரியா ஆற்றையே நகருக்குத் தெற்கே திருப்பிவிட்டிருக்கிறார்கள். அந்தப் புதுக் கால்வாய்தான் இந்த முறை நகரத்தைக் காப்பாற்றியது. அதைக் கடக்கும் நடைபாலத்தில் துடைப்பமும் மண்வாரியும் தோளில் போட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போனார்கள், பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். பாலம் இறங்கியதும் எல்லாமே பழுப்பு. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்த கார்கள். சுவரில் என் தலைக்கு மேலே தண்ணீர் நின்ற கோடு. சாக்கடையும் பெட்ரோலும் கலந்த நாற்றம் முகமூடியை மீறி வந்தது.

பாய்போர்ட்டாவில் அன்றைக்குச் சொல்லும்படி மழையே இல்லையாம். மேலே சீவா பக்கம் எட்டு மணி நேரத்தில் 491 மில்லிமீட்டர் கொட்டியது, ஊருக்கு நடுவே போகும் ஓடையில் இறங்கி வந்திருக்கிறது. செல்போனில் எச்சரிக்கை வந்தபோது இரவு 8:11. அதற்குள் பல வீடுகளில் தண்ணீர் புகுந்துவிட்டது. இதைச் சொல்லும்போது ஒவ்வொருவருக்கும் குரல் உயர்கிறது. உயராமல் எப்படி இருக்கும்?

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஒரு பாட்டியைப் பற்றி.

நாங்கள் சேறு தள்ளிய தெருவில், மதியம் ஆனால் நடைபாதையில் மடக்கு மேசை போட்டு, கேஸ் அடுப்பு வைத்துச் சமைப்பார்கள். அன்று பருப்புக் குழம்பு மாதிரி ஒன்று, நிறையப் பன்றி இறைச்சித் துண்டுகள் போட்டு. எனக்கு ஸ்பானிஷ் அரைகுறை. இறைச்சி சாப்பிட மாட்டேன், ரொட்டியும் ஆரஞ்சும் போதும் என்று கையையும் வாயையும் சேர்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். கரண்டி பிடித்திருந்த பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டாரோ என்றிருந்தது.

மறுநாள் மேசை ஓரத்தில் மூடி போட்ட ஒரு சின்னப் பாத்திரம். மூடியில் டேப் ஒட்டி 'இறைச்சி இல்லை' என்று எழுதியிருந்தது. ஒரு ராணுவ வீரர் அதைத் திறக்கப் போனார், பாட்டி அவர் கையில் பட்டென்று ஒன்று போட்டார்! அப்புறம் என்னைத் தேடி ஆள் அனுப்பினார். அதே பருப்பு, உருளைக்கிழங்கு, கேரட், பிரியாணி இலை. கொஞ்சம் உப்புக் குறைவு. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினார்.

அந்தப் பாத்திரம் அவர் வீட்டுச் சேற்றிலிருந்து எடுத்தது என்று பக்கத்து வீட்டுப் பெண் பிறகு சொன்னார். குழாயில் நல்ல தண்ணீர் வராத தெருவில், வரிசையில் நின்று வாங்கிவந்த பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவியிருக்கிறார். தரைத்தளத்தில் அவருக்கு மிஞ்சியது சுவர் மட்டும். மாடிவீட்டில் யாரோ கொடுத்த அறையில் தூங்குகிறார். உதவி செய்யப் போனவள் என்று என்னைச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. நாங்கள் அங்கே இருந்தவரை அந்தச் சின்னப் பாத்திரம் ஒருநாளும் தவறவில்லை.

மார்ச் மாதம் வலென்சியாவில் நடக்கும் ஃபாயஸ் திருவிழாவுக்கு வா என்று பாட்டி சொல்லியிருக்கிறார். போகத்தான் போகிறேன். அதற்குள் ஒழுங்காக ஸ்பானிஷ் படித்துவிடுவேன். புளியும் பெருங்காயமும் கொண்டுபோய், அவரை உட்காரவைத்துச் சாம்பார் வைத்துக் கொடுக்கப் போகிறேன். கரண்டியை அவர் தொடக் கூடாது.

முழங்கால் பூட்ஸ் கடன் கொடுத்த தம்பி, இரவெல்லாம் வேன் ஓட்டிய அக்கா, வலென்சியாவில் தரையில் படுக்க இடம் கொடுத்த மாணவர்கள், டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்று விடாப்பிடியாக நின்ற நர்ஸ் அக்கா, பத்தும் இருபதுமாக யூரோ அனுப்பியவர்கள், எல்லோருக்கும் நன்றி. உங்கள் பணத்தில் வாங்கிய பிரஷர் வாஷர் அந்தத் தெருவிலேயே இருக்கிறது, வீடு வீடாகச் சுற்றுகிறது.

ஒன்று மட்டும்: தயவுசெய்து இனி துணி சேகரிக்க வேண்டாம். பிரிக்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. கையுறை, முகமூடி, தண்ணீர் இறைக்கும் பம்ப் இருந்தால் சொல்லுங்கள். நிலத்தடி கார் நிறுத்தங்களில் இன்னும் தண்ணீர் வடியவில்லை. அடுத்த வேன் புறப்படும்போது கொடுத்தனுப்பலாம்.